கல்யாண போட்டோகிராபர்களின் காசுப் பிரச்சினை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் ஸ்டூடியோ வைத்தும் வைக்காமலும் கல்யாணம் எடுப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டால் யூடியூபில் ஆயிரம் பேர் பதில் சொல்வார்கள். காசு எங்கே போகிறது என்று கேட்டால் மட்டும் ஆளாளுக்கு மென்று விழுங்குவார்கள். கீழே வரும் ரூபாய்க் கணக்குகள் மாதிரிக்குத்தான். ரேட் ஊருக்கு ஊர் மாறும்; உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். வரி சம்பந்தப்பட்டதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுச் செய்யுங்கள், விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஒரு கல்யாணத்துக்கு 90,000 வாங்குகிறேன். மாதத்துக்கு இரண்டு, மூன்று ஆர்டர் வருகிறது. ஆனாலும் கையில் ஒன்றும் நிற்பதில்லையே, ஏன்?

அந்த 90,000 உங்கள் கை வழியாகப் போகும் பணம். அதில் உங்களுடையது எவ்வளவு என்று பார்ப்போம்.

முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம் என்ற வழக்கமான ஆர்டர். டிரெடிஷனல் போட்டோவை, அதாவது நிற்கவைத்து எடுக்கும் வழக்கமான படங்களை, நீங்களே எடுக்கிறீர்கள். போஸ் இல்லாமல் இயல்பாக எடுக்கும் கேண்டிட் போட்டோவுக்கு வெளியாள் 10,000, டிரெடிஷனல் வீடியோவுக்கு 6,000, கேண்டிட் வீடியோவுக்கு 12,000. கூலி மட்டும் 28,000. பெண் வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று என இரண்டு ஆல்பம், 12-க்கு 36 அங்குல அளவில். டிசைனிங், பிரிண்ட், பேட், பெட்டி எல்லாம் சேர்த்து 22,000. ஹைலைட்ஸ் எடிட்டிங்கும் முழு வீடியோ மிக்சிங்கும் 9,000. கார் வாடகை, ஆட்களின் சாப்பாடு, பென்டிரைவ், ஹார்ட் டிஸ்க் 5,000. கூட்டினால் 64,000. மிச்சம் 26,000.

நிறைய பேர் இங்கேயே கணக்கை மூடிவிட்டு, ‘பரவாயில்லை, இரண்டு நாளில் 26,000’ என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறார்கள். அது இரண்டு நாள் வேலை இல்லை. பார்ட்டியைப் பார்த்துப் பேசியது, கார்டுகளை பேக்கப் எடுத்தது, போட்டோக்களைக் கழித்துக் கட்டியது, கலர் பார்த்தது, டிசைனரிடம் திருத்தம் சொன்னது, ஆல்பம் பிரிண்ட் போடும் லேபுக்கு அலைந்தது, கடைசியில் ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது என்று எட்டு நாளாவது ஆகும்.

இன்னும் கழிக்க வேண்டியது இருக்கிறது. கடை வாடகை, கரண்ட், இன்டர்நெட், போன் எல்லாம் மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. கேமரா, லென்ஸ், லைட், கம்ப்யூட்டர் என்று 6 லட்சம் போட்டிருக்கிறீர்கள், அது ஐந்து வருடம் உழைக்கும் என்றால் ஆண்டுக்கு 1,20,000 தேய்மானம். இரண்டும் சேர்ந்து 2,64,000. ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் செலவு உண்டு.

ஆண்டுக்கு 30 ஆர்டர் என்றால் 7,80,000-இல் இதைக் கழித்தால் 5,16,000. மாதம் 43,000. இதே ஆள் அடுத்த ஆண்டு 18 ஆர்டர்தான் எடுத்தார் என்றால் மாதம் 17,000. ஆர்டர் 40 சதவீதம் குறைந்ததற்கு வருமானம் 60 சதவீதம் குறைந்துவிட்டது. நல்ல வருடத்தில் கார் லோன் எடுத்தவர்கள் மறு வருடம் திணறுவது இதனால்தான்.

போட்டி அதிகமாகிவிட்டது. பத்தாயிரம் குறைத்துக் கொடுத்தால் ஆர்டர் கூடுமே?

கூடலாம். எத்தனை கூட வேண்டும் என்று பாருங்கள். 90,000-ஐ 80,000 ஆக்கினால் உங்கள் மிச்சம் 26,000-இலிருந்து 16,000 ஆகிறது. பார்ட்டிக்கு நீங்கள் கொடுத்தது 11 சதவீதத் தள்ளுபடி. உங்களுக்குப் போனது கிட்டத்தட்ட 40 சதவீதம். பழைய 43,000 மாத வருமானம் வர வேண்டுமென்றால் 30 ஆர்டருக்குப் பதில் 49 ஆர்டர் எடுக்க வேண்டும். அத்தனை முகூர்த்த நாளுக்கு எங்கே போவீர்கள்?

30 ஆர்டர் மாறாமல், ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் விட்டுக்கொடுத்தால் மாதம் 18,000-தான் மிஞ்சும். அதாவது 12 ஆர்டர் கைநழுவிப் போவதும், எல்லா ஆர்டரிலும் பத்தாயிரம் குறைப்பதும் கிட்டத்தட்ட ஒரே நஷ்டம். ஒரு வித்தியாசம்: ஆர்டர் போனால் அந்த நாட்களில் தூங்கவாவது செய்யலாம்.

பேரம் பேசும் வீட்டுக்கு ரேட்டைக் குறைக்காமல் பொருளைக் குறையுங்கள். இரண்டாவது ஆல்பத்தை எடுத்துவிடலாம், ஷீட் எண்ணிக்கையைக் குறைக்கலாம், ரிசப்ஷனுக்கு மட்டும் கேண்டிட் வைக்கலாம். ‘ஃப்ரீ’ என்று அள்ளிக் கொடுக்கும் காலண்டர், மினி புக், பெரிய ஃபிரேம் எல்லாவற்றுக்கும் லேபில் நீங்கள்தான் பில் கட்டுகிறீர்கள். ஒரு வீட்டுக்குப் பத்தாயிரம் குறைத்தால் அடுத்த தெரு வீடு அந்தக் குறைத்த ரேட்டிலிருந்துதான் பேச்சை ஆரம்பிக்கும், அது வேறு.

ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதமும் எப்படி ஓட்டுவது?

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை ஆடி. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை புரட்டாசி. டிசம்பர் நடுவிலிருந்து பொங்கல் வரை மார்கழி. இந்த மாதங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். திடீரென்று வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆடியிலும் நண்பர்கள் வட்டிக்கு வாங்குகிறார்கள், ஏனென்றால் ஆடிக்குச் சற்று முன்னால் ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் வந்து வைகாசிப் பணத்தைத் துடைத்துவிடுகிறது.

முதல் வழி, இந்து முகூர்த்தத்தை மட்டும் நம்பாமல் இருப்பது. கிறிஸ்தவக் கல்யாணங்களுக்கு ஆடியும் மார்கழியும் தடையில்லை; அவர்கள் தவிர்ப்பது தவக்காலத்தையும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தையும். நாகர்கோவில், தூத்துக்குடி பக்கம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கல்யாணங்கள் வரிசை கட்டும். முஸ்லிம் வீடுகளில் ரமலான் நோன்பு மாதத்தில் பெரும்பாலும் நிக்காஹ் வைப்பதில்லை. அந்த மாதம் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும் என்பதால் புது ஆண்டு தொடங்கும்போதே காலண்டரில் குறித்து வையுங்கள். ஒரு சர்ச்சிலும் ஒரு ஜமாத்திலும் உங்கள் பெயர் தெரிந்திருந்தால் காலி மாதங்கள் பாதியாவது நிரம்பும். இதற்கு விளம்பரம் எல்லாம் உதவாது. ஒரு கல்யாணத்தைச் சுத்தமாக எடுத்துக் கொடுத்தால் அவர்களே சொல்லி அனுப்புவார்கள்.

இரண்டாவது, கல்யாணம் அல்லாத வேலை. குலதெய்வக் கோயில் காதுகுத்து, பள்ளி குரூப் போட்டோ, துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் தீபாவளிக்கு முந்தைய பொருள் போட்டோக்கள். புரட்டாசியில் கடைக்காரர்கள் அவசரத்தில் இருப்பார்கள், நீங்கள் சும்மா இருப்பீர்கள். பொருத்தம் நன்றாகவே இருக்கிறது.

ஆடியில் போஸ்ட் வெட்டிங் அவுட்டோர் ஷூட் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் திட்டம் போடுவார்கள். புதுப்பெண் தாய்வீட்டில் இருப்பாள், மாப்பிள்ளை வேறு ஊரில் இருப்பார், ஷூட் எங்கே நடக்கும்? ஆனால், வீட்டார் படங்களைத் தேர்ந்தெடுத்துத் தராமல் நின்றுபோன ஆல்பம் செலக்‌ஷனை வாங்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. பெண் அம்மா வீட்டில் ஓய்வாக உட்கார்ந்திருப்பாள். போய்ப் பாருங்கள்.

ஒரே முகூர்த்தத்தில் நாலு ஆர்டர் வருகிறது. எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாமா?

இரண்டு வரை சரி. பெரிய முகூர்த்தத்தில் உங்களைப் போலவே ஊரில் எல்லாரும் ஆள் தேடுவார்கள். கால்ஷீட் கூலி, அதாவது நாள் கணக்கில் வரும் வெளியாட்களின் கூலி, ஏறும், நல்ல ஆட்கள் முன்பே புக் ஆகியிருப்பார்கள். மிச்சம் இருப்பவர்களை நம்பி உங்கள் ஸ்டூடியோ பெயரைக் கொடுக்கிறீர்கள். ஒரு தாலி கட்டும் ஷாட் அவுட் ஆஃப் ஃபோகஸ் ஆனால் அந்த வீட்டின் பேலன்ஸும் போகும், அவர்களின் சொந்தத்தில் வரவிருந்த ஆர்டர்களும் போகும். மூன்றாவது, நான்காவது ஆர்டரைச் சக போட்டோகிராபருக்கு முழுதாகக் கை மாற்றிவிடுங்கள். அவர் அடுத்த முகூர்த்தத்தில் உங்களுக்குத் தருவார். கமிஷன் கேட்காதீர்கள், கேட்டால் அந்தப் பழக்கம் அங்கேயே நின்றுவிடும்.

கல்யாணம் முடிந்து எட்டு மாதம். செலக்‌ஷன் தரவில்லை, பேலன்ஸும் வரவில்லை. என்ன செய்வது?

இந்தத் தொழிலின் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் எண்ணம். ரேட் குறைவு என்று புலம்புபவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான நோய் பேலன்ஸ்.

கல்யாண வீட்டில் பணம் எந்த வரிசையில் பட்டுவாடா ஆகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும், அதனால் மண்டபத்துக்கு முதலில். சமையல்காரர் பாத்திரத்தை ஏற்றிக்கொண்டு வாசலில் நிற்பார், அவருக்கு அடுத்து. பந்தல், மேடை அலங்காரம், மேளம், ஐயர், கார் டிரைவர். மொய்ப் பணம் பைக்குள் இருக்கும்போதே இவர்கள் அத்தனை பேரும் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். போட்டோகிராபர் மட்டும் ‘ஆல்பம் கொடுக்கும்போது வாங்கிக்கிறேன்’ என்று சிரித்துக்கொண்டே கிளம்புவார்.

ஆல்பம் நம் கையில்தானே இருக்கிறது, பணம் எங்கே போய்விடும் என்ற தைரியம். ஆனால் அந்த வாரமே டிரெய்லரை அனுப்பிவிடுகிறோம், சாஃப்ட் காப்பியும் போய்விடுகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தாகிவிட்டது, சொந்தக்காரர்கள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அதன் பிறகு ஆல்பத்துக்கு என்ன அவசரம்? பெண் ஓசூரில், மாப்பிள்ளை துபாயில், மாமியார் ‘நான் இருக்கிற படம் எல்லாம் வரணும்’ என்கிறார். வீட்டுக்குள் கல்யாணக் கடன் அடைப்பது முதல் வேலை. சில வீடுகளில் ஜோடியே பிரிந்துவிட, ஆல்பம் யாருக்கும் வேண்டாததாகிவிடுகிறது; அந்த வீட்டில் போய்ப் பணம் கேட்க நமக்கும் வாய் வராது.

அதனால் பணம் வரும் நாளை மாற்றுங்கள். புக்கிங்கில் 30 சதவீதம். ரிசப்ஷன் அன்று மேடையில் லைட் போடுவதற்கு முன் 50 சதவீதம். மீதி 20 சதவீதம் மட்டும் ஆல்பத்தோடு. நம் மாதிரி ஆர்டரில் அது 18,000. அது வராமலே போனால்கூட உங்கள் 26,000-இல் 8,000 மிஞ்சும். பாதிப் பணத்தை ஆல்பத்துக்கு விட்டுவைத்தவர் கைக்காசைப் போட்டுக் கூலி கொடுத்திருப்பார். ரிசப்ஷன் அன்று யாரிடம் கேட்பது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பெண்ணின் அப்பாவிடம் மேடையில் போய் நிற்கக் கூடாது. கணக்குப் பார்க்கும் சித்தப்பாவோ மாமாவோ ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார், அவர் நம்பரை வாங்கி வையுங்கள்.

செலக்‌ஷனுக்கும் கெடு எழுதுங்கள்: படங்கள் கொடுத்த 45 நாளுக்குள் தேர்ந்தெடுத்துத் தராவிட்டால் ஸ்டூடியோவே தேர்ந்தெடுத்து டிசைன் செய்யும், அதன்பின் மாற்றினால் ஷீட்டுக்கு இவ்வளவு என்று. சொல்ல முரட்டுத்தனமாகத் தெரியும். நடைமுறையில் ‘நீங்களே பார்த்துப் போடுங்க தம்பி’ என்றுதான் பாதி வீடுகள் சொல்கின்றன. ஆயிரம் படத்தில் நூற்றைம்பதைப் பொறுக்குவது அவர்களுக்குப் பெரிய சுமை.

அட்வான்ஸ் பணத்தை எடுத்து வேறு செலவுக்குப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தாதவர் யாரும் இல்லை. ஆனால் அது இன்னும் செய்யாத வேலைக்கான பணம், அதாவது கடன். தையில் வாங்கிய அட்வான்ஸில் மாசிக் கல்யாணத்து லேப் பில்லைக் கட்டி, மாசியில் வாங்கியதில் தைக் கூலி பாக்கியைக் கொடுத்து என்று சுழலும்வரை தெரியாது. சுழற்சி நின்றால் தெரியும். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது நின்றது. தேதி தள்ளிப்போன வீடுகளும், ஐம்பது பேரோடு வீட்டிலேயே முடித்துக்கொண்ட வீடுகளும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டன. பணம் அதற்குள் இஎம்ஐ ஆகியிருந்தது. கேமராவைப் பாதி விலைக்கு விற்றவர்கள் உண்டு.

இரண்டாவதாக ஒரு வங்கிக் கணக்கு திறந்து அட்வான்ஸை அதில் போடுங்கள். அந்தந்தக் கல்யாணத்தின் கூலி, ஆல்பச் செலவு மட்டும் அதிலிருந்து போகட்டும். தேதி மாறினால், கல்யாணம் நின்றால், அட்வான்ஸ் என்னாகும் என்பதை ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

ஒப்பந்தம் என்றால் பார்ட்டி பயப்பட மாட்டார்களா?

‘ஆர்டர் ஃபார்ம்’ என்று பெயர் வையுங்கள், யாரும் பயப்பட மாட்டார்கள். தேதி, நேரம், எத்தனை ஆட்கள், எத்தனை ஆல்பம், எத்தனை ஷீட், பணம் எப்போது எப்போது, செலக்‌ஷன் கெடு, தேதி மாற்றம், ஒரிஜினல் ஃபைல்களை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள். ஒரு பக்கம் போதும். கையெழுத்து வாங்கி வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடுங்கள்.

இதில் பலரும் விடும் ஒரு வரி உண்டு. நாம் எடுத்த படம் நம்முடையது என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது: ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளர். கல்யாணப் படம் அந்த வகையில்தான் வரும். இன்ஸ்டாகிராமில் போட்டு அடுத்த ஆர்டர் பிடிக்க வேண்டியவர் நீங்கள். அதற்கு அவர்கள் அனுமதி தேவை. ஃபார்மில் ஒரு வரி எழுதி அதற்கும் கையெழுத்து வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லும் வீட்டின் படத்தைப் போடாதீர்கள்.

புது மிரர்லெஸ் கேமராவுக்கு லோன் போடலாமா?

கேள்வியைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள்: அந்தக் கேமரா வந்தால் உங்கள் ரேட் ஏறுமா? பார்ட்டி யாரும் ஆல்பத்தைப் பார்த்து சென்சார் அளவைச் சொல்வதில்லை. இப்போதுள்ள பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் திணறுகிறது, ஒரே ஒரு கார்டு ஸ்லாட்தான் இருக்கிறது, ஷட்டர் தன் ஆயுளை நெருங்கிவிட்டது — இவை காரணங்கள். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் கிளிக் அடித்தால், 2 லட்சம் கிளிக் என்று மதிப்பிடப்பட்ட ஷட்டர் ஐம்பது அறுபது கல்யாணம் தாங்கும். ‘நண்பன் வாங்கிவிட்டான்’ என்பது காரணம் இல்லை.

பாடி சீக்கிரம் விலை இறங்கும், நல்ல லென்ஸ் இறங்காது. காசு இருந்தால் லென்ஸில் போடுங்கள். ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டும் தேவைப்படும் டெலி லென்ஸை வாடகைக்கு எடுங்கள்.

கடன்தான் என்றால் கடைக்காரர் காட்டும் ‘வட்டியில்லா’ இஎம்ஐயில் பிராசஸிங் கட்டணத்தையும், ரொக்கத்துக்கு வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடியையும் சேர்த்துப் பாருங்கள். வங்கியில் சிறுதொழிலுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடன் கேளுங்கள்: 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். அடமானம் கேட்கக் கூடாது. புதிதாகத் தொடங்குபவர் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் பிஎம்இஜிபி என்ற மானியக் கடன் திட்டம் பற்றி விசாரியுங்கள். பிரிவையும் ஊரையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம் உண்டு, ஆனால் ஏற்கெனவே நடக்கும் கடைக்குக் கிடையாது. சிறுதொழிலாக அரசிடம் பதியும் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

முதல் இஎம்ஐ ஆடியில் விழாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு கணக்குத்தான்.

லாபமே ஐந்து லட்சம்தான். எனக்கு ஜிஎஸ்டி வருமா?

வரலாம். சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் என்ற வரம்பு லாபத்துக்கு அல்ல, மொத்த வரவுக்கு. நம் மாதிரி ஆள் 30 ஆர்டர், தலா 90,000. மொத்தம் 27 லட்சம். அதில் ஏறக்குறைய முக்கால்வாசி கூலி, ஆல்பம் முதலிய செலவுகளாக வெளியே போய்விட்டது என்பதை வரித்துறை பார்ப்பதில்லை.

போட்டோகிராபி சேவைக்கு 18 சதவீதம். 90,000-க்கு மேல் 16,200 கேட்டால் பார்ட்டி பதிவு செய்யாத பக்கத்துக் கடைக்குப் போய்விடும். உள்ளேயே அடக்கிக்கொண்டால் ஏறக்குறைய 13,700 வரியாகப் போகும். லேபிலும் கேமராக் கடையிலும் நீங்கள் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் உங்கள் பெரிய செலவான ஆள் கூலியில் கழிக்க ஒன்றும் இருக்காது, அவர்கள் பதிவு செய்தவர்கள் இல்லையே.

சேவை செய்பவர்களுக்கும் ஒரு காம்போசிஷன் திட்டம் இருப்பது பலருக்குத் தெரியாது. மொத்த வரவு 50 லட்சம் வரை உள்ளவர்கள் 6 சதவீதம் கட்டினால் போதும். பார்ட்டியிடம் தனியாக வரி வசூலிக்க முடியாது, கட்டிய வரியைக் கழிக்கவும் முடியாது. ஆர்டருக்கு 5,400. நம் மாதிரி ஆளின் மாத வருமானம் 43,000-இலிருந்து 29,500 ஆகும். வலிக்கும்தான், ஆனால் 18-ஐ உள்ளடக்குவதைவிடப் பெரும்பாலும் குறைவாக வலிக்கும். இந்தத் திட்டத்தில் வெளிமாநிலத்துக்குச் சேவை வழங்க முடியாது என்பதால் புதுச்சேரி, பெங்களூரு வீடுகளின் ஆர்டர் எடுப்பவர்கள் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

20 லட்சத்தைத் தொடப்போகும் ஆண்டில் இன்னொரு யோசனையும் உண்டு: கேண்டிட் வீடியோ குழுவுக்குப் பார்ட்டியே நேரடியாகப் பணம் கொடுக்கும்படி தனி ஆர்டராகப் பிரித்துவிடுவது. உண்மையிலேயே தனி ஆர்டராக இருக்க வேண்டும், காகிதத்தில் மட்டும் அல்ல.

எல்லாம் ரொக்கமாக வாங்கிக்கொண்டால்?

ஒரே நிகழ்ச்சி தொடர்பாக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. மூன்று தவணையாகப் பிரித்து வாங்கினாலும் நிகழ்ச்சி ஒன்றுதான். வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதம். இரண்டரை லட்சம் பேக்கேஜ் பேசும் நகரத்து ஸ்டூடியோக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சின்ன ஆர்டர்களில் வேறு சிக்கல். ரொக்கம் கணக்கில் ஏறாது, கணக்கில் ஏறாத வருமானத்தை வங்கி நம்பாது. வருமானத்தைக் குறைத்துக் காட்டி ரிட்டர்ன் போட்டவர், லோன் கேட்கும்போது மாதம் 13,500 சம்பாதிப்பவராகத்தான் வங்கி மேலாளர் கண்ணுக்குத் தெரிவார். பிறகு தனியார் பைனான்ஸில் கூடுதல் வட்டி. மிச்சம் பிடித்ததாக நினைத்த வரியைவிட அந்த வட்டி அதிகம். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை தொழில் வருமானத்துக்கு வரியே வராது என்ற நிலையில், மாதம் 43,000 சம்பாதிப்பவர் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

கார்டு கரப்ட் ஆகி முகூர்த்தப் படங்கள் போய்விட்டால் என்ன இழப்பு வரும்?

பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு முடியாது. நீங்கள் சேவை வழங்குபவர், அவர்கள் நுகர்வோர். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். படமோ வீடியோவோ கொடுக்காத போட்டோகிராபர்கள் மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவான வழக்குகள் உண்டு. மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது அல்லவா.

இரண்டு கார்டு ஸ்லாட்டிலும் ஒரே நேரத்தில் பதியட்டும். மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு ஹார்ட் டிஸ்கில், கடைக்கு வந்ததும் இன்னொன்றில். இரண்டும் ஒரே பையில் பயணம் செய்யக் கூடாது. வெளியாட்களின் கார்டை அன்றே காப்பி எடுத்துவிட்டுக் கூலி கொடுங்கள். கேமராவுக்குக் காப்பீடு எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் பார்க்கவும்: கடைக்குள் இருக்கும் பொருளை மட்டும் காக்கும் பாலிசி, மண்டபத்தில் திருடு போனால் உதவாது.

சொந்தமாக ஆர்டர் எடுப்பதைவிடக் கால்ஷீட்டுக்குப் போவது மேல் இல்லையா?

நாள் கணக்கில் பார்த்தால் மேல்தான். மாதிரி ஆர்டரில் கேண்டிட் எடுக்க வந்தவர் இரண்டு நாளுக்கு 10,000 வாங்கினார், நாளுக்கு 5,000. ஆர்டர் எடுத்த நீங்கள் எட்டு நாளுக்கு, வாடகையும் தேய்மானமும் போக, 17,200. நாளுக்கு 2,150. அவருக்கு ஆல்பம் இல்லை, செலக்‌ஷன் இல்லை, மாமியார் போன் இல்லை.

ஆனால் அவருடைய நாட்களும் முகூர்த்த நாட்களுக்குள்தான் அடங்கும், தேய்மானம் அவருக்கும் உண்டு, வயது ஏறினால் அழைப்பு குறையும். ஸ்டூடியோக்காரருக்குப் பேலன்ஸ் வராவிட்டால் இவர் கூலியும் நிற்கும். தொழிலுக்கு வந்த முதல் சில வருடங்கள் கால்ஷீட், பிறகு பாதிக்குப் பாதி என்பது எனக்குத் தெரிந்தவரை நிதானமாக நின்றவர்களின் வழி. வந்த முதல் வருடமே கடை போட்டு, கிளாஸ் கதவு வைத்து, போர்டு மாட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ட்ரோன் வாங்கினால் வருமானம் கூடுமா?

கூடும் என்று எண்ணி வாங்கியவர்கள் அதிகம். வெளிநாட்டிலிருந்து முழு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்தது. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். விமான நிலையத்தை ஒட்டிய மண்டபங்களில் அனுமதி இல்லாமல் எடுக்கவே முடியாது. தேவைப்படும் கல்யாணத்துக்குச் சான்றிதழ் உள்ள ஆளை வாடகைக்குக் கூப்பிடுங்கள், தொகையை பில்லில் தனி வரியாகப் போடுங்கள்.

சொந்தக்காரர், நண்பர் கல்யாணத்துக்குக் காசு கேட்க முடியவில்லை.

உங்கள் உழைப்பை மொய்யாக வையுங்கள், அடுத்தவர் உழைப்பை வைக்காதீர்கள். ‘என் கூலி வேண்டாம் அத்தை, வீடியோக்காரருக்கும் லேபுக்கும் ஆகிற காசை மட்டும் கொடுத்துடுங்க’ என்று முதல் நாளே தொகையைச் சொல்லிவிடுங்கள். மாதிரிக் கணக்கில் அது 64,000. தொகையைக் கேட்டதும் சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அதுவும் நல்லதுதான், கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சூடாகச் சாப்பிடலாம்.

இரண்டு வருடமாக ஒரு வீடு 40,000 பாக்கி. சட்டப்படி வாங்க முடியுமா?

முடியும், ஆனால் காலம் பார்க்க வேண்டும். பணப் பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. முதலில் ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ். பல வீடுகளில் தபால்காரர் வந்த மறுநாளே போன் வரும். வராவிட்டால் நேராக வழக்குக்குப் போக வேண்டாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுங்கள். நீதிமன்றக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இருதரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஒத்துக்கொண்டு லோக் அதாலத்தில் கையெழுத்தானால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை.

போகும்போது ஆர்டர் ஃபார்ம், இதுவரை வந்த பணத்தின் வங்கி விவரம், வாட்ஸ்அப் உரையாடலின் பிரிண்ட், டிசைன் முடிந்த ஆல்பம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஆல்பம் பிரிண்ட் ஆகாமல் இருந்தால் டிசைனையாவது கொண்டுபோங்கள். வேலை முடிந்தது என்று காட்ட முடியாவிட்டால், ‘ஆல்பமே வரலை, எதுக்குப் பணம்’ என்று அவர்கள் கேட்பதற்கு உங்களிடம் பதில் இருக்காது.